ஆடிட்டரம்மா, நீங்களே போட்டுடுங்க

கேள்வி சுருக்கமாக இதுதான். தண்டையார்பேட்டையில் ஆபீஸ் போட்டு இரண்டு வருடம் ஆன ஒரு இளம் சி.ஏ. கேட்கிறார். 140 கிளையன்ட். வருமான வரி ரிட்டர்ன் போடப் பாதிப் பேர் கடைசித் தேதி நெருங்கி, ஜூலை 25-க்கு மேல்தான் பேப்பரோடு வருகிறார்கள். உட்கார்ந்ததும் ரீஃபண்ட் எவ்வளவு வரும் என்கிறார்கள். ஃபீஸ் என்று வாயெடுத்தால் அடுத்த மாதம் என்கிறார்கள். போன வாரம் ஒருவர் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கத்திவிட்டுப் போயிருக்கிறார். இவர்களை எப்படிச் சமாளிப்பது, சிலரைக் கழற்றிவிடலாமா?

தம்பி, நான் பழைய வண்ணாரப்பேட்டையில் 22 வருடமாக பிராக்டீஸ் செய்கிறேன். ஆர்ட்டிகிள்ஷிப் என்ற சி.ஏ. பயிற்சிக் காலம் முழுக்கத் தம்பு செட்டி தெருவில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில். என்னிடம் வருபவர்கள் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர்கள், காசிமேட்டு மீன் ஏலக்காரர்கள், மணலி பக்கம் டிரெய்லர் ஓட்டும் முதலாளிகள், பெரம்பூர் ரயில்வே ஆட்கள், ராயபுரத்துக் கப்பல்காரப் பையன்கள். தி.நகரிலும் அடையாறிலும் வேறு மாதிரி இருக்கலாம். எனக்குத் தெரிந்தது இந்தப் பக்கம்தான்.

ஆரம்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம் ஒன்று இருந்தது. பையை மேஜை மேல் வைத்துவிட்டு, "ஆடிட்டரம்மா, நீங்களே பார்த்துப் போட்டுடுங்க, எனக்கு இன்னா தெரியும்" என்பார்கள். எவ்வளவு நம்பிக்கை என்று பூரித்துப் போவேன். ஒன்றரை வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது அதே வாய், "நீங்கதானேம்மா போட்டீங்க" என்று சொல்லும். இரண்டும் ஒரே வாக்கியத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் என்று புரிய எனக்கு ஏழெட்டு வருடம் ஆனது. இப்போது நான் செய்வதெல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான்: இந்த ரிட்டர்ன் தன்னுடையது என்று கிளையன்ட்டுக்குத் தெரிய வேண்டும். அவர் பார்க்க வேண்டும், வாயால் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் கேட்ட தொல்லைகளில் முக்கால்வாசி இதில் அடங்கும்.

ஒரு காசிமேட்டுக்காரர் கதையைச் சொல்கிறேன். ஏலத்தில் கமிஷனுக்கு மீன் விற்றுக் கொடுப்பவர். விடியற்காலை 2 மணிக்கு அவருக்குப் பொழுது விடியும், 11 மணிக்கு ஆபீஸுக்கு வரும்போது கண் சொருகும். எனக்கு போன் போடுவது அதிகாலை 4 மணிக்கு, வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில். நான் எடுக்காவிட்டால் கோபம் வரும். பல வருடம் ஒரு பிரவுசிங் சென்டரில் 500 ரூபாய்க்கு ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் நோட்டீஸைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "இன்னாம்மா இது, நான் இன்னா திருடனா? மூட்டை தூக்கி சம்பாரிச்ச காசு" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கள் ஆர்ட்டிகிள் பையன் எழுந்து நின்றுவிட்டான்.

நான் பதிலே சொல்லாமல் ஏ.ஐ.எஸ்.-ஐ, அதாவது அவரைப் பற்றி வருமான வரித் துறையிடம் இருக்கும் பணத் தகவல் பட்டியலைத் திறந்து மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். சேமிப்புக் கணக்கில் ஒரு வருடத்தில் ரொக்கமாகக் கட்டியது 41 லட்சம். சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் விழுந்தால் வங்கியே வருமான வரித் துறைக்குச் சொல்லிவிடும் என்றேன். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் இறங்கி, "இது என் பணம் இல்லம்மா. போட்டுக்காரங்க பணம். கமிஷன்தான் என்னுது" என்றார். பயத்தைத்தான் அவ்வளவு நேரமும் கோபமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிரவுசிங் சென்டரில் அவருக்குப் போட்டிருந்தது வருமான வரிச் சட்டத்தில் சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவு, மொத்த வியாபாரத்தில் 8 சதவீதம் லாபம் என்று மொட்டையாக. கமிஷன் வருமானக்காரர் 44ஏடி-க்குள் வரவே முடியாது என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் படகு வாரியாக எழுதிய துண்டுச் சீட்டுகள், ஒரு கோணிப்பை நிறைய. எல்லாச் சீட்டிலும் மீன் வாடை. நானும் இரண்டு பையன்களும் ஒன்பது நாள் உட்கார்ந்து எந்தப் பணம் எந்தப் படகுக்குப் போனது என்று வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒட்டிப் பார்த்தோம். ஆபீஸ் முழுக்க ஊதுவத்தி. அவருக்கு மிஞ்சியது கமிஷன்தான் என்று கணக்கு நின்றது. கரன்ட் அக்கவுன்ட் தனியாகத் திறக்க வைத்தேன். இப்போது நல்ல கிளையன்ட்களில் ஒருவர். 4 மணி போன் மட்டும் நிற்கவில்லை.

அன்றைக்குப் பிறகு வாங்கியதுதான் இரண்டாவது மானிட்டர். வருகிறவர் நாற்காலியைப் பார்த்தபடி இருக்கும். நான் எதைத் திறந்தாலும் அவருக்குத் தெரியும். ஆபீஸுக்கு ஏ.சி. போடுவதற்கு முன் இதை வாங்குங்கள். "வட்டி ஒண்ணும் வரலம்மா" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் தன் கண்ணாலேயே மூன்று வங்கிகளின் வைப்புத்தொகை வட்டியைப் பார்த்துவிட்டால், அதன் பிறகு உங்களோடு அவருக்குச் சண்டை இல்லை. வீட்டில் மனைவியோடு வேண்டுமானால் இருக்கும், ஏனென்றால் அதில் ஒரு டெபாசிட் பற்றி அந்த அம்மாவுக்கே தெரிந்திருக்காது. அப்படி ஒரு காட்சி என் ஆபீஸிலேயே நடந்தது. அதற்குள் போக வேண்டாம்.

டிரெய்லர்காரர்கள் தனி ரகம். அவர்களோடு சண்டை வந்தால் சட்டம் மாறியதை யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அர்த்தம். சரக்கு வண்டி முதலாளிகளுக்கான 44ஏஈ பிரிவில் 10 வண்டிக்கு மேற்படாதவர்களுக்கு ஒரு வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று கணக்கு இருந்தது. 2018 பட்ஜெட்டில் 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிகளுக்கு மட்டும் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றினார்கள். 40 டன் மொத்த எடை பதிவான ஒரு வண்டிக்குப் பழைய கணக்கில் வருடம் 90,000 ரூபாய். புதிய கணக்கில் 4,80,000 ரூபாய். நான்கு வண்டி வைத்திருப்பவருக்கு நெஞ்சு வலியே வரும். "துறைமுகத்துல கண்டெய்னருக்காக ரெண்டு நாள் வண்டி நிக்குது, டயர் வெலை இன்னா தெரியுமா, இதுல நாலே முக்கா லட்சம் லாபமா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு "சட்டம் அப்படித்தான்" என்று பதில் சொன்னால் கத்தத்தான் செய்வார். கத்த வேண்டியதும்தான். அவருக்கு இரண்டு வழி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். டன் கணக்கை ஏற்றுக்கொண்டு வரி கட்டலாம். இல்லை, நிஜ லாபம் குறைவு என்றால் டீசல் பில், டயர் பில், டிரைவர் படி, ஈ.எம்.ஐ. வட்டி எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்து ஆடிட் செய்துகொள்ளலாம், ஆடிட் ஃபீஸ் தனி. எது வேண்டும் என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முடிவு அவருடையது. இதை ஜூலை கடைசியில் செய்தால் அவருக்கு ஒரு வழிதான் மிச்சம் இருக்கும், ஏனென்றால் போன வருட பில்லை இனிமேல் எங்கே தேடுவது? ஏப்ரலில் அடுத்த வருடத்துக்கே கேட்டுவிட வேண்டும்.

இனி ரீஃபண்ட். இதில் நான் கொஞ்சம் கடுமையான ஆள், மன்னிக்கவும்.

தொழிற்சாலை ஆட்களிடம் ஒரு வியாதி பரவியிருந்தது. கேட் வாசலில் ஒருவன் நிற்பான். கம்பெனி தரும் சம்பள, வரிச் சான்றான ஃபார்ம் 16 கொடுத்தால் போதும், 50,000, 60,000 என்று ரீஃபண்ட் வாங்கித் தருவான், வந்ததில் பத்துக்கு ஒன்று அவனுக்கு. ஒரு ஷிஃப்ட்டில் ஒருவருக்கு வந்தால் மொத்த ஷிஃப்ட்டும் அவனிடம் போய்விடும். என்னிடம் பத்து வருடமாக வந்துகொண்டிருந்தவர்களும் போனார்கள். "உங்ககிட்ட போட்டா 3,000 வருது, அவன்கிட்ட போட்டா 60,000 வருது, நீங்க சரியா போடத் தெரியாத ஆளு போல" என்று முகத்துக்கு நேரே சொன்னவர் உண்டு.

பிறகு திரும்பி வந்தார்கள், கையில் நோட்டீஸோடு. அதில் ஒருவரை மறக்கவே முடியாது. இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தார், சாப்பாட்டுக் கூடை கையில். அவர் ரிட்டர்னைத் திறந்தேன். 80ஜிஜிசி-யில் அரசியல் கட்சிக்கு நன்கொடை 1,80,000 ரூபாய்.

"எந்தக் கட்சிக்குக் கொடுத்தீங்க?"

ரொம்ப நேரம் யோசித்தார். "நான் எப்பவும் ரெட்டை எலைக்குத்தான் போடுவேன்மா."

"ஓட்டு இல்லைங்க. பணம்."

"பணமா? அவங்கதானே நமக்குக் குடுப்பாங்க?"

சிரிப்பு வந்தாலும் சிரிக்க முடியவில்லை, மனுஷன் கண் கலங்கியிருந்தது. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் இந்த மாதிரிப் போலிக் கழிவுகளைத் தேடிச் சோதனை போட்டதே, அதில் தமிழ்நாடும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் போலிக் கழிவை வாபஸ் வாங்கினார்கள் என்று துறையே அறிவித்தது. அந்த அறிக்கையை பிரின்ட் எடுத்து என் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முருகன் காலண்டருக்குப் பக்கத்தில். ரீஃபண்ட் பேச்சு எடுப்பவரிடம் நான் வாயைத் திறப்பதில்லை, கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டுவேன்.

தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 270ஏ-யில் அபராதம் மட்டும் வரியில் 200 சதவீதம். வாங்கிய 60,000-ஐத் திருப்பிக் கட்டி, வட்டி கட்டி, அதற்கு மேல் 1,20,000. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினாலே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். மீதிப் பாதி, "ஊரே போடுது, எனக்கு மட்டும் ஏன்மா" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: பொய் ரிட்டர்னுக்கு உடந்தையாக இருப்பவருக்கும் 278-ல் தண்டனை இருக்கிறது, எனக்கு ஜெயிலுக்குப் போக நேரமில்லை. சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள். இன்னொன்று, ரீஃபண்டில் சதவீதம் வைத்து ஃபீஸ் பேசுவது நம் இன்ஸ்டிட்யூட் விதிப்படி நமக்கு ஆகாது. கிளையன்ட் தாமே ஆசையாகச் சொன்னாலும் ஆகாது.

புதிய வரிமுறை வந்து இந்தத் தொல்லையைப் பாதியாகக் குறைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2025-26 வருமானத்துக்குச் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை என்றால் போலி வாடகை ரசீதுக்கு என்ன அவசியம்? அம்மா வீட்டில் இருந்துகொண்டு அம்மாவுக்கு வாடகை கொடுத்ததாக எழுதச் சொல்லும் பெரம்பூர் பையன்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். பதிலுக்கு ஒரு புதுச் சண்டை முளைத்திருக்கிறது. "12 லட்சம் வரைக்கும் ஒண்ணும் கிடையாதுன்னு டிவியில சொன்னாங்களே, எனக்கு மட்டும் எப்படி வரி வருது?" என்று கேட்பார்கள். அவர் கணக்கிலேயே பையன் மொபைலில் பங்கு வாங்கி விற்றிருப்பான். ஒரு வருடத்துக்குள் விற்ற பங்கு லாபத்துக்கு 20 சதவீத வரி, அதற்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. இதை அப்பாவிடம் சொல்வதா பையனிடம் சொல்வதா என்பதுதான் சிக்கல். நான் பையனிடம் தனியாகச் சொல்லிவிடுவேன்.

இப்போது தேதி விஷயம். "தள்ளுவாங்கம்மா, எப்பவும் தள்ளுவாங்க." இதைச் சொல்லாத கிளையன்ட் இந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை. உண்மை என்னவென்றால் 2022, 2023, 2024 மூன்று வருடமும் கடைசி நாளான ஜூலை 31-ஐ ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. 2024-ல் கடைசி நாளில் மட்டும் கிட்டத்தட்ட 70 லட்சம் ரிட்டர்ன் போனது. அந்த இரவு வருமான வரி போர்ட்டல் என்ன பாடு பட்டது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பிறகு 2025-ல் செப்டம்பர் 15 வரை தள்ளினார்கள், கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள். அவ்வளவுதான், மூன்று வருடமாக நான் கத்தியது வீண். "நான் சொல்லல?" என்று எல்லோரும் ஜெயித்த முகத்தோடு வந்தார்கள்.

அதனால் அபராதத்தைக் காட்டிப் பயமுறுத்துவதை விட்டுவிட்டேன். 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் என்றால் ஜவுளிக்கடைக்காரர் அசைய மாட்டார். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ரயில்வேக்காரரிடம், "தேதி போச்சுன்னா பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது, வீட்டுக் கடன் வட்டி, எல்.ஐ.சி. எல்லாம் கணக்கில் வராது" என்று சொன்னால் மறுநாள் வந்து நிற்பார். பங்குச் சந்தையில் நஷ்டப்பட்டவரிடம், அந்த நஷ்டத்தை அடுத்த வருட லாபத்தில் கழித்துக்கொள்ளும் உரிமை போய்விடும் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் எது போகும் என்பதை அவரவர் ஃபைலின் மேலட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். போன் செய்யும் பெண் அதை மட்டும் சொல்வாள்.

யாரை எப்போது கூப்பிடுவது என்பதிலும் இந்த ஊருக்கு என்று ஒரு காலண்டர் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுக்காரர்கள் வலையைத் தைத்துக்கொண்டு கரையில் இருப்பார்கள், கையில் காசு இல்லாவிட்டாலும் நேரம் இருக்கும். அவர்கள் கணக்கை அப்போதே வாங்கி முடித்துவிட வேண்டும். ஜூன் 15-க்குப் பிறகு கடலுக்குப் போன ஆளை எங்கே பிடிப்பது? சம்பளக்காரர்களை ஜூன் 15-க்கு முன் கூப்பிட்டுப் பயனில்லை, ஃபார்ம் 16 வராது, முன்கூட்டியே பிடித்த வரியான டி.டி.எஸ். விவரமும் துறையின் 26ஏஎஸ் பட்டியலில் முழுசாக ஏறியிருக்காது. ஜவுளிக்காரர்களை ஆடியில் தொடவே கூடாது, தள்ளுபடி விற்பனையில் நிற்க நேரமில்லாமல் இருப்பார்கள். அவர்களுக்கு மே மாதம். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாதீர்கள், யாரும் படிப்பதில்லை. 40 விநாடி வாய்ஸ் மெசேஜ், உங்கள் குரலில், பெயர் சொல்லி. "அண்ணே, பாஸ்புக், ஆதாரோட சேர்ந்த போன், ரெண்டும் எடுத்துக்கிட்டு புதன்கிழமை வாங்க." இதற்கு வருவார்கள்.

பில் இல்லை என்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி, எர்ணாவூர் பக்கம் வீட்டுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்தது. கணக்குப் புத்தகம் கறுப்பாகக் கட்டி தட்டிப்போய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வங்கி ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இருக்கும் கொள்முதல் பட்டியலான 2பி எல்லாம் வைத்துத் திரும்பக் கணக்கு எழுதிக் கொடுத்தோம், ஃபீஸ் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் அடுத்த வருடமும் பில் புயலில் போச்சு என்றார். எந்தப் புயல் என்றேன். "வருசா வருசம் ஒண்ணு வருதே" என்றார். அதற்கு என்னால் ஆட்சேபம் சொல்ல முடியவில்லை.

ஓ.டி.பி.-யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் தவறு செய்தது நான். ராயபுரத்துப் பையன், கப்பலில் இன்ஜினியர். ஊரில் வீட்டு வாடகையும், வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைக்கும் என்.ஆர்.ஓ. வைப்புத்தொகையின் வட்டியும் உண்டு, பிடித்த டி.டி.எஸ். ரீஃபண்டாக வர வேண்டும். 2023 ஜூலை 29 அன்று ரிட்டர்னை ஏற்றிவிட்டோம். ரிட்டர்னைச் சரிபார்க்கும் ஓ.டி.பி. அவன் ஆதாரோடு சேர்ந்த நம்பருக்குப் போகும். அந்த சிம் அவன் அம்மா பீரோவில், ஒரு பழைய பட்டன் போனில், ரீசார்ஜ் செய்யாமல். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். ஜூலை 31 கூட்டத்தில் மறந்தேபோனேன். அக்டோபரில் அவன் கரைக்கு வந்து ரீஃபண்ட் எங்கே என்று கேட்டபோதுதான் திறந்து பார்க்கிறேன், ரிட்டர்ன் சரிபார்க்கப்படாமல் கிடக்கிறது. 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால், பிறகு என்றைக்குச் சரிபார்க்கிறோமோ அன்றைக்குத்தான் ரிட்டர்ன் போட்டதாகக் கணக்கு. சரியான தேதியில் போட்டும் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்.

அவன் போனில் கத்தினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த 5,000-ஐ என் கையிலிருந்து கட்டினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதுவரை என் மனதில் அவன் ஒரு "தொல்லை பிடித்த கிளையன்ட்". நம் தப்பை மறைக்க நமக்கே அந்தப் பெயர் வசதியாக இருக்கிறது. இப்போது ஆதார் நம்பர் கையில் இல்லாதவருக்கு நெட் பேங்கிங் வழியாகவோ, முன்கூட்டியே சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்கு வழியாகவோ முடிக்க மே மாதமே ஏற்பாடு செய்துவிடுகிறோம். அதுவும் இல்லாவிட்டால் ஐ.டி.ஆர்.-வி என்ற சரிபார்ப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, பெங்களூருவில் இருக்கும் துறையின் மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட். அந்த அம்மாவுக்கு மாதா மாதம் நானே ரீசார்ஜ் ஞாபகப்படுத்துகிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு வேலை. புதுக் கிளையன்ட் வந்தால் முதலில் போர்ட்டலில் புரொஃபைலைத் திறந்து பாருங்கள். பாதிப் பேருக்குப் பழைய ஆடிட்டரின் மொபைல் நம்பர்தான் இருக்கும். மெயில் ஐடி எட்டு வருடம் முன் பிரவுசிங் சென்டர் பையன் போட்டது, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். குறையுள்ள ரிட்டர்ன் என்று வந்தால் பதில் சொல்ல 15 நாள்தான். கிளையன்ட்டுக்குத் தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும், கத்துவது உங்களிடம். அவருடைய சொந்த நம்பரையும் அவர் வீட்டில் யாராவது திறந்து பார்க்கும் மெயிலையும் போடுங்கள். உங்களுடையதை இரண்டாவதாகப் போடுங்கள், முதலாவதாக வேண்டாம். எல்லாம் தன் கையில் இருந்தால் கிளையன்ட் போகமாட்டார் என்று சில சீனியர்கள் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை.

பேங்க் லோன்காரர்கள் சீசனுக்கு நாலு பேராவது வருவார்கள். வரி கட்டும்போது வருமானம் 3 லட்சம், லோன் கேட்கும்போது 9 லட்சம். "மூணு வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டுக் குடுங்க" என்பார். கடந்துபோன வருடங்களுக்கு அப்டேட்டட் ரிட்டர்ன்தான் போட முடியும், அதற்குக் கூடுதல் வரி 25 சதவீதத்தில் ஆரம்பித்து வருடத்துக்கு வருடம் ஏறி 70 வரை போகும் என்று சொல்லுங்கள். பாதி விஷயம் அங்கேயே முடியும். வருமானச் சான்றிதழ் கேட்டால் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள், தவறாகப் போனால் இன்ஸ்டிட்யூட்டின் ஒழுங்கு நடவடிக்கை நம் தலையில் விழும்.

ஃபீஸ். எனக்கு இதில் வெட்கம் போக ரொம்ப நாள் ஆயிற்று. படகுக்காரர் ஒருவர் வருடா வருடம் வஞ்சிரம் கொண்டு வருவார், நல்ல வெட்டு, ஐஸில் வைத்து. ஃபீஸைப் பற்றிப் பேச்சே வராது. மீனைச் சாப்பிட்டுவிட்டு எப்படிக் கேட்பது என்று நான்கு வருடம் சும்மா இருந்தேன். ஐந்தாவது வருடம் மீனை வாங்கிக்கொண்டு பில்லையும் கையில் கொடுத்தேன். பார்த்தார், "இதுவரைக்கும் ஏம்மா குடுக்கல?" என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தெரியவே தெரியாது.

இப்போது பேப்பர் வாங்கும்போது பாதி, ரிட்டர்னை ஏற்றுவதற்கு முன் பாதி. ஏற்றிய பிறகு என்று வைத்தால் தீபாவளி வரை நடக்க வேண்டியதுதான். விலை சுவரில் ஒட்டியிருக்கிறது, ஜூலை 20-க்கு மேல் வந்தால் ஒன்றரை மடங்கு என்பதும் அதிலேயே இருக்கிறது. முதல் வருடம் எல்லோரும் முறைத்தார்கள். பிரவுசிங் சென்டரில் 500-தானே என்பவரிடம் பேரம் பேசாதீர்கள், அனுப்பிவிடுங்கள். அவர்களில் சிலர் திரும்பி வருவார்கள், காசிமேட்டுக்காரர் மாதிரி, அப்போது ஃபீஸ் வேறு. ஓய்வூதியக்காரர்கள், கணவரை இழந்தவர்கள் என்று ஒரு இருபது பேருக்கு நான் வாங்குவதில்லை. அது என் விருப்பம், அவர்கள் கேட்டதில்லை. ஒன்று மட்டும், ஃபீஸ் பாக்கிக்காக கிளையன்ட்டின் ஒரிஜினல் பேப்பரைப் பிடித்து வைக்காதீர்கள். பாக்கி போகட்டும், அந்தச் சண்டை தெரு வரை வரும்.

கழற்றிவிடுவதைக் கேட்டீர்கள். சும்மா கஞ்சத்தனம் பண்ணுபவர், தாமதமாக வருபவர், ஒரே கேள்வியை ஆறு தடவை கேட்பவர், இவர்களை நான் விட்டதில்லை. பொய்க் கணக்கு கேட்டு இரண்டாவது வருடமும் வந்தால் விட்டுவிடுவேன், அதையும் நவம்பரில், ஜூலையில் நடுத்தெருவில் விடமாட்டேன். அடுத்த ஆளைத் தேட அவருக்கும் நாள் வேண்டும்.

ஆபீஸ் பெண்ணிடம் கத்துபவருக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார், பெரிய கிளையன்ட், மூன்று கம்பெனி. என்னிடம் "மேடம், மேடம்" என்று குழைவார். நான் வெளியே போயிருந்த நேரத்தில் எங்கள் பெண்ணை, வியாசர்பாடியிலிருந்து வருபவள், கல்யாணம் ஆகி மூன்று மாதம், காது கூசும்படி பேசியிருக்கிறார், அவள் படிப்பையும் பேட்டையையும் இழுத்து. ஆர்ட்டிகிள் பையன்தான் சொன்னான், அவள் சொல்லவில்லை. முதலில் அவளைக் கூப்பிட்டு, அந்த ஃபைலை இனி அவள் தொட வேண்டியதில்லை என்றேன். பிறகு அவள் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு அவருக்கு போன் செய்தேன்.

"சார், உங்க பேப்பர் எல்லாம் லிஸ்ட் போட்டுக் கட்டி வெச்சிருக்கேன். போர்ட்டல்ல எங்க நம்பரை எடுத்துட்டோம். இதுவரைக்கும் செஞ்சது பென் டிரைவ்ல இருக்கு, வாங்கின அட்வான்ஸ் கவர்ல இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்து வாங்கிக்கோங்க."

"என்ன மேடம், ஒரு சின்னப் பொண்ணுக்காகவா?"

"ஆறு மணிக்குள்ள சார்."

ஐந்தரைக்கு டிரைவரை அனுப்பினார். லிஸ்ட்டில் அவரே கையெழுத்துப் போட வேண்டும் என்று திருப்பி அனுப்பினோம். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படியேறி வந்தார். அந்தப் பெண்தான் பேனாவை நீட்டினாள்.